ஆறாவது பூச்சு

மேல்மிடாலம் கடற்கரைக் குருசடியில்
மிக்கேல் சம்மனசுக்கு வேலை குறைவு.
இறக்கைக்கு வெள்ளை, கச்சைக்குத் தங்கம்,
முகம் அப்படியே இருக்கட்டும் என்றார்கள்.
காலடியில் கிடந்ததுதான்
மூன்று நாள் கூலியைத் தின்றது.

உப்புக்காற்று உரித்தது போக மிச்சத்தை
உப்புத்தாளால் தேய்க்கிறேன்.
மேலே பச்சை.
அதன் கீழே ஆட்டோ மஞ்சள்.
செங்காவி, கருநீலம்,
கடைசியில், கல்லோடு கல்லாக,
யாரோ சுண்ணாம்பில் கலக்கிய கறுப்பு.
ஐந்து பேர் எனக்கு முன்னால்
கண்ணால் பார்த்திராத ஒன்றுக்கு
நிறம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"அரக்கப் பாம்பு" என்றார் கமிட்டி பனியடிமை.
"எங்க வேதத்துல வலுசர்ப்பம்" என்றான்
சிமெண்ட் குழைக்க வந்த ஞானசிங்.
மட்டையோடு நின்ற ஒரு பொடியன்
"டிராகன்" என்றான், தீர்ப்புபோல.

நான் வடசேரிக்காரன்.
எங்களுக்கு நாகர். பாலும் மஞ்சளும்.
பிரசாதமாய்த் தரும் மண்
ஆறு மாதம் கறுப்பு, ஆறு மாதம் வெளுப்பு என்பார்கள்.
ஊரின் பேரிலேயே பாம்பு குடியிருக்கிறது.
ஒருவர் மிதித்துக்கொண்டிருக்கும் கழுத்துக்கு
நிறம் தீட்டக் குனியும் முன்
செருப்பைக் கழற்றினேன்.
யாருக்காக என்று எவரும் கேட்கவில்லை.

தொபியாஸ் பதினோரு வருடம் சரக்குக் கப்பலில்.
"சீனாக்காரன் இதைக் கொல்லமாட்டான் கேட்டியளா,
மழை தாறதே இதுதான் அவனுக்கு.
பிள்ள பெறதுக்கும் இதுக்க வருசம் பாத்திருப்பான்.
நார்வேயில பழைய மரக்கோயிலு ஒண்ணு,
கூரையில தலைய நீட்டிட்டு நிக்குது, காவலுக்கு.
இங்க மட்டும் ஏன் ஓய் குத்துப்படுது?"
பனியடிமை கடலைப் பார்த்தார்.
பதிலா, பழக்கமா, தெரியவில்லை.
"நமக்கு ரெண்டு மழையும் உண்டு" என்றார்
வெகுநேரம் கழித்து.

பிரச்சினை வாயில்தான்.
ஈட்டி என்றோ துருப்பிடித்து விழுந்துவிட்டது.
வாய் பிளந்தபடி இருக்கிறது.
உள்ளே ஒரு பனங்காய் கொள்ளும் இருட்டு,
அதில் மெழுகு, ஐஸ் குச்சி,
எட்டிப் பார்த்தால் பின்வாங்கும் ஒரு நண்டு.
அடைத்துவிடலாம் என்று கமிட்டி முடிவு.
ஞானசிங் கரண்டியில் எடுத்தும்விட்டான்.

மீன் சருவத்தை இறக்கி வைத்தாள் பெர்பெத்தம்மாள்.
"அடைக்காதுங்க."
குரலில் சண்டை இல்லை,
சாளைக்கு விலை சொல்வதுபோல.
"நாலு வருசமாச்சு.
வள்ளமும் வரல்ல, ஒரு பலகையும் வரல்ல.
யோனாவுக்கு மூணு நாளு. இவருக்குக் கணக்கு வேற.
இத அடச்சா
பொறவு எந்த வழியா வெளிய வருவாரு?"

அது சிலையின் வாய்,
கடலின் வாய் இல்லை என்று
சொல்லத் தெரிந்தவர்கள் நான்கு பேர் நின்றோம்.
ஞானசிங் கரண்டியை வாளியில் தட்டினான்.
சருவம் தலைக்கு ஏறியது.

ஏதோ ஒரு கோயில் தூணில்
யாளியின் வாய்க்குள் கல் உருண்டை உருட்டியிருக்கிறேன்.
உருளும், எடுக்க வராது.
செதுக்கியவன் சாமர்த்தியம் என்று
அன்றைக்குச் சிரித்தேன்.

உடம்புக்குக் கறுப்பே போட்டேன்,
முதல் ஆளை மதித்து.
நாக்குக்குச் சிவப்பு.
வாய்க்குள், கை போன மட்டும், வெள்ளை.
உள்ளே இருப்பவருக்கு
வாசல் தெரிய வேண்டும்.
வெள்ளை கால் லிட்டர் கூடுதல் என்று
பில்லில் எழுதியபோது
பனியடிமை எதற்கென்று கேட்கவில்லை.

மறுநாள் காலையில்
காயாத வெள்ளையின் மேல் புள்ளி புள்ளியாய்த் தடம்.
நண்டுதான்.
உள்ளே போனதா வெளியே வந்ததா,
பக்கவாட்டில் நடப்பதன் தடத்தில்
யார் சொல்ல முடியும்.
பூசி மறைக்கவில்லை.
டின்னை மூடிவிட்டு
மார்த்தாண்டம் பஸ்ஸைப் பிடித்தேன்.