பதினோரு கேள்விகள்

வால்டிவியாவில் ஜூலை மழை
பெய்வதில்லை, குடியிருக்கும்.
ஆற்றோர மீன்சந்தையின் படிகளில்
கடற்சிங்கங்கள் கடன்காரர்களைப் போல்
காத்துக் கிடக்கும்.
மூன்றாவது பலகை ஒண்டினா மில்யாகேயோவுடையது.

மூடிவிட்ட பள்ளியின் ஏலத்தில்
இரண்டு கிலோ மீன் விலைக்கு
ஒரு கணினி எடுத்திருந்தாள்.
அதில் ஓடியது எங்கள் கட்டற்ற இயங்குதளம்.
உரிமக் கட்டணம் கிடையாது.
யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம்.
இணையம் மட்டும் வரவில்லை.

"நீதானே இதை எழுதுகிறவன்?"
எழுதுகிறவர்களில் ஒருவன்.
இணைப்பை அமைத்துத் தரும் நிரல் என் பொறுப்பு.
பதினோரு கேள்வி கேட்கும்.
ஒன்றுகூடத் தப்பாகக் கேட்காது.
அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்.

கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.
வாய் திறப்பதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு.

மோடத்தின் வகை?
"வெள்ளை" என்றாள்.

இதற்கான இயக்கி இல்லை.
இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளவா?
திரும்பி என்னைப் பார்த்தாள்.
கிணற்றில் இறங்கக் கயிறு வேண்டும்,
கயிறு கிணற்றுக்குள்.
அந்த வரியை எழுதியவன் நான்தான்,
இணைப்பு ஒருநாளும் அறுந்து பார்க்காத
பல்கலைக்கழக அறையில்,
இரவு இரண்டு மணிக்கு.

பைக்குள்ளிருந்த வட்டை எடுத்துக் கொடுத்தேன்.
விபிஐ எண்? விசிஐ எண்?
"இது யாருக்குத் தெரியும்?"
தொலைபேசி நிறுவனத்துக்கு.
"அப்போ அவர்களைக் கேள்.
மீன் வாங்க வருகிறவளிடம்
வலையின் கண் எத்தனை அங்குலம் என்று
நான் கேட்கிறேனா?"

துத்தநாகக் கூரையில் மழை
எனக்குப் பதிலாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது.

ஐந்து இரவுகள்.
எழுதவில்லை, அழித்தேன்.
எண்களை நிரலே தேடட்டும்,
எட்டும் முப்பத்தைந்துமா,
பூஜ்யமும் முப்பத்திரண்டுமா,
திறக்கும்வரை ஒவ்வொரு கதவாகத் தட்டட்டும்.
இயக்கிகள் எல்லாம் வட்டிலேயே வரட்டும்.
மோடத்தின் நிறத்தை யாரும் சொல்ல வேண்டாம்.

ப்ர்னோவிலிருந்து ராட்டிமிர் எழுதினான்:
"கேட்காமல் முடிவெடுக்கும் நிரலை
எதிர்த்துத்தானே இதைத் தொடங்கினோம்?"
நியாயம்தான்.
கேள்விகளைக் கொல்லவில்லை,
ஒரு பொத்தானுக்குப் பின்னால் உட்காரவைத்திருக்கிறேன்,
வேண்டியவன் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்றேன்.
அவனுக்கு அது போதவில்லை.
எனக்கும் முழுதாகப் போதவில்லை.

வியாழக்கிழமை மறுபடி போனேன்.
ஒரே கேள்வி மிச்சம்: கடவுச்சொல்.
அது நிறுவனத்தின் பில்லில்,
பில் தராசுக்கு அடியில்,
கடைசி எண்ணின் மேல் ஒரு மீன் செதில்.
மூன்று என்று தட்டினாள். இல்லை என்றது.
கத்தி முனையால் செதிலைச் சுரண்டினாள்.
எட்டு.

பச்சை விளக்கு சிமிட்டியது, சிமிட்டியது,
நின்று எரிந்தது.

"இவ்வளவுதானா?" என்றாள்,
ஏமாந்தவள் போல.
புவேர்ட்டோ மோன்ட்டில் இன்றைய விலை பார்க்கப் போனாள்,
நான் இருப்பதையே மறந்துவிட்டாள்.

இரண்டு வருடத்தில் என் நிரலைப் பற்றி
யாரும் இதைவிட நல்லதாக எதுவும் சொன்னதில்லை.

கிளம்பும்போது, தலை நிமிராமலே,
செய்தித்தாளில் சுற்றிய ஒரு மீனை நீட்டினாள்.
பாலம் வரைக்கும்
ஒரு கடற்சிங்கம் கரையோரமாய் நீந்தி வந்தது,
என்னிடம் கேட்க
அதற்கும் ஒரே ஒரு கேள்விதான்.