எட்டு மணி ரத்தம்

கண்டனூர்க் கண்மாயில் வண்டல் அள்ளும்
ஜேசிபியின் டிரைவர் கம் ஓனர்
சோலைமுத்து, வயது முப்பத்தெட்டு.
டாக்டர் சீட்டில் எழுதியிருந்தது:
கார்டிசால். காலை எட்டு, மாலை நான்கு.

ஊசி என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு
சட்டைப்பையிலிருந்து எதையோ எடுத்து
மேசைமேல் வைத்தார்.
மண் அப்பிய ஒரு நத்தை.
"மூணடி ஆழத்துல கெடந்துச்சு மேடம்.
உசுரு இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."
இது மனுசங்க லேப் என்றேன்.
வாங்கிக்கொண்டேன்.

கொட்டாங்கச்சிச் சில்லு மாதிரி ஒரு மூடி,
உள்ளேயிருந்து இழுத்துச் சாத்தியது.
நகம் நுழையவில்லை.
எப்போதோ படித்தது கொஞ்சம் ஞாபகம் வந்தது:
தண்ணீர் வற்றுவது தெரிந்ததும் சேற்றுக்குள் இறங்கும்.
இதயம் விட்டுவிட்டு அடிக்கும்.
கழிவைக்கூட வெளியே தள்ளாமல்
உப்புப் பொடியாக்கி உள்ளேயே அடுக்கிக்கொள்ளும்,
கரைத்து விடுவதென்றால்
ஒரு சொட்டுத் தண்ணீர் செலவாகிவிடுமே என்று.

சோலைமுத்துவுக்கு மூடி இல்லை.
ரத்தம் குழாயில் ஏறும்போது
கட்டைவிரல் தனியாகத் துடித்தது.
வண்டித் தவணை மூன்று மாதம் பாக்கி என்றார், கேட்காமலே.
ராத்திரி ஒரு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது.
சோறு நெஞ்சோடு நிற்கிறது.
தலை சீவினால் சீப்பில் பாதி.

சிறுநீரகத்தின் உச்சியில்
குல்லாய் போட்ட மாதிரி ஒரு சுரப்பி.
புலி வந்தால் ஓடவேண்டுமென்று
கல்லீரலின் சர்க்கரையை அவிழ்த்துவிடும்.
வயிற்றின் வேலையை நிறுத்தும்.
வாயை உலர்த்தும்.
புலி போனதும் எல்லாம் பழையபடி.
நிதிக் கம்பெனிப் பையன்
போன பிறகும் போகாதவன்.
அவன் நம்பர் செல்லில் ஒளிரும்போதெல்லாம்
கால்கள் ஓடத் தயாராகின்றன,
ஜேசிபியின் சீட்டில் உட்கார்ந்தபடியே.

நத்தையைக் கிட்னி டிரேயில் வைத்து
போர்வெல் தண்ணீர் ஊற்றினேன்.
பத்து மணி. பன்னிரண்டு.
செக்காலை ரோட்டில் பஸ்கள் ஆரன் அடித்தன.
பிளஸ் டூ படிக்கும் பெண்ணொருத்தி அம்மாவோடு வந்தாள்.
நான்கு மாதமாய் வரவில்லையாம்.
அம்மாவின் முகம் ஏற்கெனவே தீர்ப்பு எழுதியிருந்தது.
நெகட்டிவ்.
பரீட்சை எப்போது என்று கேட்டேன்.
"மே மாசம் நீட்," பல்லைக் கடித்தபடி சொன்னாள்.
அந்த உடம்பும் ஓர் அறையைப் பூட்டியிருக்கிறது,
விளக்குச் செலவை மிச்சம் பிடிக்க.

நான்கு மணிக்குச் சோலைமுத்து வந்தார்.
"தெறந்துச்சா?"
இல்லை.
சாயங்காலம் பாதியாக இறங்கியிருக்க வேண்டிய அவர் எண்ணும்
இறங்கவில்லை.

அன்று இன்னொரு குழாயும் ஓட்டினேன்.
இடது கை. பட்டையைப் பல்லால் இழுத்துக் கட்டியது.
குழாயில் பெயர் எழுதவில்லை.
வந்த எண்ணை இங்கேயும் எழுதப்போவதில்லை.

எல்லாரும் போனபின் சென்ட்ரிஃபியூஜை நிறுத்தினேன்.
அது சுழலும்வரை மேசையில் ஒரு நடுக்கம் இருந்திருக்கிறது,
எட்டு வருடமாய் என் கைகளுக்குத் தெரியாமலே.
ஃபிரிட்ஜைத் தவிர எல்லாவற்றையும் அணைத்தேன்.
வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தேன்.
எவ்வளவு நேரமோ.
டிரேயிலிருந்து ஒரு சத்தம்,
நுரை உடைகிற அளவுக்கு.
செல்லின் வெளிச்சத்தை அடிக்கக் கை போனது.
அடிக்கவில்லை.

காலையில் போன் செய்து சொன்னேன்:
உயிர் இருக்கிறது, கொம்பு நீட்டி நடக்கிறது.
அந்தப் பக்கம் இஞ்சின் உறுமல் நின்றது.
"கண்மாயில இன்னும் தண்ணி வரலையே மேடம்,"
என்றார் சோலைமுத்து.
"அத ஏன் எழுப்புனீங்க?"