ஏழாம் எண் குழாய்

அமாவாசைக்கு இரண்டு நாள் இருந்தது.
இரும்புக் குழாயைக் குன்றின் விலாவில் பொருத்தி
யெஸ்லெம் சம்மட்டியால் அடித்தான்.
அடிக்கொருமுறை மேலிருந்து மணல் சரிந்து
அவன் சட்டைக்குள் போனது.
நான் கறுப்புப் போர்வையைத் தூக்கிப் பிடித்திருந்தேன்,
நட்சத்திரம்கூட எட்டிப் பார்க்கக் கூடாதென்று.

ஒரு மணல்துகளுக்கு ஒரே ஞாபகம்தான்:
கடைசியாக வெயில் பட்ட நாள்.
மேலே இன்னொன்று விழுந்து இருட்டிய கணத்தில்
எண்ணத் தொடங்குகிறது.
அக்கம்பக்கத்துக் கற்கள் கசியவிடும் கதிர்வீச்சைச்
சிறுவாடு போல
யாருக்கும் தெரியாமல் சேர்த்து வைக்கிறது,
ஆயிரம் ஆண்டு, பத்தாயிரம் ஆண்டு.
ஒரு கீற்று வெளிச்சம் பட்டால் போதும்,
அத்தனையும் செலவு.

அஸெஃபால் மணற்தொடரில்
நாங்கள் வெட்டிய குழியின் சுவர் இப்படி இருந்தது:
அடியில் வடகிழக்குக் காற்று கொட்டிய சிவப்பு.
அதன்மேல் ஒரு சாண் சாம்பல் களிமண்,
நத்தை ஓடுகள்,
ஒரு கெளிற்று மீனின் முள்.
(யெஸ்லெம் அதை எடுத்துப் பல் குத்துவதுபோல் நடித்தான்.)
அதற்கும் மேலே வாடை கொண்டுவந்த வெளிர்மணல்,
இன்னும் நகர்ந்துகொண்டிருப்பது.
ஏரி எப்போது வந்தது, எப்போது போனது,
அதற்காகத்தான் பதினொரு குழாய்கள்.
ஏழாவது, களிமண்ணுக்குச் சரியாக ஒரு விரல் மேலே.

அக்ஜூஜ்த் தாண்டியதும் சோதனைச் சாவடி.
"என்ன இது?"
"மணல்."
காவலர் மௌலூத் தன் சாவடியைச் சுற்றிப் பார்த்தார்.
வாசலில் மணல், மேசையில் மணல்,
பதிவேட்டின் தாள்களுக்கு நடுவே மணல்.
"மணலுக்கா இவ்வளவு டேப்?"
உண்மையைச் சொல்லியே மாட்டிக்கொள்ளும் நாட்கள் உண்டு.
பேனாக்கத்தி ஏழாம் எண்ணைக் கிழித்தது.
வேண்டாம் என்றேன்,
எனக்குத் தெரிந்த மூன்று மொழிகளிலும்.

மதியம் ஒன்றே முக்கால்.
உள்ளங்கையில் கொட்டி விரலால் கிளறினார்.
சத்தம் எதுவும் கேட்கவில்லை.
ஏரி வற்றிய ஆண்டு
அவருடைய ஆயுள்ரேகையில் கொஞ்சம் ஒட்டியிருந்தது.
அதையும் ஊதினார்.

"மணல்தான்" என்றார், ஏமாந்த குரலில்.
பிறகு என் முகத்தைப் பார்த்தார்.
ஒன்றும் சொல்லாமல் அடுப்பில் கரி போட்டார்.
மூன்று குவளை தேநீர் குடிக்காமல் எங்களை விடவில்லை.
மூன்றாவதில் கேட்டார்:
"எவ்வளவு பழசு?"
"இனித் தெரியாது."
"அப்படியானால் இப்போது அதற்கு என்ன வயது?"
யெஸ்லெம் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னான்:
"ஒரு மணி நேரம்."
மௌலூத் சிரிக்கவில்லை.
பதிவேட்டைத் தட்டிவிட்டு எழுதினார்:
குழாய் பதினொன்று. பத்தில் மணல், வயது தெரியாது.
ஒன்றில் மணல், வயது ஒரு மணி.
கையெழுத்துப் போடச் சொன்னார்.
சல்கா என்று போட்டேன்.

வேறு வழியில்லை, வண்டியைத் திருப்பினோம்.
போய்ச் சேர்ந்தபோது
குழியில் பாதியைக் காற்று மூடியிருந்தது.
மறுபடி தோண்டினோம், மறுபடி போர்வை, மறுபடி சம்மட்டி,
மறுபடி யெஸ்லெமின் கழுத்துக்குள் மணல்.

கிளம்பும் முன்
பழைய ஏழாம் எண்ணில் மிஞ்சியதைக்
குழியின் அடியில் கொட்டினேன்.
யாரோ ஒருவர் வருவார் ஒருநாள், இதே கேள்வியோடு.
ஏரிக்கும் கீழே, அந்தச் சிவப்புக்குள்ளே
ஒரு கைப்பிடி செவ்வாய்க்கிழமை கிடைக்கும்.
குழம்பட்டும். என்னைத் திட்டட்டும்.

யெஸ்லெம் முதல் மண்வெட்டியைத் தள்ளினான்.
அங்கே இருட்டியது.