தடுக்கப்படாதவன்

முதல் முறை அதை மரியாதை என்றே நினைத்தேன்.
எதிரே பதினோரு பேர்,
ஒருத்தன்கூட என்மேல் கை வைக்கவில்லை.
எண்ணூர் நெடுஞ்சாலையில்
கன்டெய்னர் லாரிகளின் இடுக்கில் சைக்கிள் மிதித்து
கல்லூரிக்கு வருகிறவன் நான்.
வழி விட்டால் சந்தேகப்படத் தெரிந்திருக்க வேண்டும்.

விசில்.
என்னை மோத வேண்டிய தடியன் பிரின்ஸ்லி
என் தோளுக்குப் பக்கத்தில் காற்றாகக் கடந்து
உள்ளே நின்ற எங்கள் லைன்பேக்கரைச் சாய்த்தான்.
திறந்த கதவு. பாய்ந்தேன்.
நான் பாயாத பக்கமாக
எட்டு கெஜம் போயிருந்தது பந்து.

அவர்கள் நிற்கிற வடிவத்துக்கு
உண்டிவில் என்று பேர் வைத்திருந்தோம்.
பிடியில் குவார்ட்டர்பேக் கிளாட்வின்,
அவனுக்குப் பின்னால் குட்டை யாசீன்,
இன்னும் பின்னால் கவையின் இரு முனையிலும் இரண்டு பேர்.
எல்லாம் சரி, கல் எது?
அது விட்ட பிறகுதான் தெரியும்,
சில நேரம் விட்டவனுக்கே.

பந்தை யாசீன் வயிற்றில் வைப்பான் கிளாட்வின்.
வைத்த கையை எடுக்க மாட்டான்.
இரண்டு பேரும் ஒரு பந்தோடு இரண்டடி ஓடுவார்கள்,
கிளாட்வின் கண் மட்டும் என்மேல்.
காசிமேட்டு ஏலத்தில் என் மாமா
வஞ்சிரத்துக்கு வாய் திறந்து விலை கேட்டதில்லை.
இமை அசைந்தால் கூடை அவர் பேரில்.
அப்படித்தான் என் இடுப்பை வாங்கினான்,
ஒரு மதியம் முழுக்க, அடிமாட்டு விலைக்கு.

யாசீனை அமுக்கினால் பந்து கிளாட்வினிடம்.
கிளாட்வினுக்காக நின்றால்
யாசீன் நடுவில் பொத்துக்கொண்டு போய்விடுகிறான்.
ஒருமுறை இரண்டு பேரையும் சேர்த்துப் பிடித்தேன்,
பிடித்தேவிட்டேன் என்று கத்தினேன்.
பந்து பக்கவாட்டில் பறந்து கோகுலவாசன் கையில்.
அவன் கொருக்குப்பேட்டை ரயில்வே சுவர் வரைக்கும்
சிரித்துக்கொண்டே ஓடினான்.

தண்ணீர் இடைவேளையில் எங்கள் ஆட்கள் கேட்டார்கள்,
இன்னாடா பண்ற அங்க?
நான் தப்பு செய்யவில்லை.
நான் எதைச் செய்தாலும் அதைத் தப்பாக்குவதுதான்
அவர்கள் ஆட்டம்.
தடுக்க ஆள் வேண்டாம்,
முடிவெடுக்க விட்டால் போதும்.
சொல்ல நினைத்தேன். வாயில் ரப்பர் கார்டு.

கடைசிப் பாகம். உப்புக்காற்றில் உரத் தொழிற்சாலை வாடை.
அதே உண்டிவில்.
இந்த முறை நான் ஒன்றும் செய்யவில்லை.
தந்திரம் என்று சொன்னால் பொய்.
கால் ஓய்ந்துபோயிருந்தது.
அரையடி வைத்தேன், எந்தப் பக்கமும் இல்லாத அரையடி,
தோள் நேராக, முழங்கால் மடங்கி,
இமைக்காமல்.

கிளாட்வின் காத்திருந்தான்.
யாசீன் இறுக்கினான், தனக்குத்தான் என்று.
இவன் இழுத்தான், தனக்குத்தான் என்று.
இரண்டு வயிறுகளுக்கு நடுவே
பந்து யாருக்கும் இல்லாமல் போன அந்த நொடியை
நான் பார்த்தேன். கழன்று விழுந்தது.

கூரான முனை தரையில் பட்டால்
அது எந்தப் பக்கம் துள்ளும் என்று
எந்தப் பயிற்சியாளரும் வரைந்து காட்டியதில்லை.
என் கைக்கடியில் நழுவி, பிரின்ஸ்லி பூட்ஸில் பட்டு,
கடைசியில் அதன்மேல் படுத்தது எங்கள் செங்குட்டுவன்,
அன்று முழுக்க யாரும் கவனிக்காதவன்.
ஆனாலும் ஆறு புள்ளியில் தோற்றோம்.

ஒரே தெரு, வேறு கல்லூரி.
கிளாட்வின் வண்டியில்தான் திரும்பினேன்,
தலைக்கவசம் ரெண்டும் என் மடியில்.
ரயில்வே கேட் மூடியிருந்தது.
சரக்கு வண்டி, கரி, கரி, கரி.
அந்த அரையடிக்கு அப்புறம்
எந்தப் பக்கம் வரதா இருந்த? என்றான்.
தெரியாதுடா.
நம்பவில்லை. கண்ணாடியில் என்னையே பார்த்தான்.
ஐம்பது பெட்டிவரை எண்ணினேன்,
அப்புறம் விட்டுவிட்டேன்.