வழக்கொழிந்தது: பொய்

சிலிம் ரிவரில், இரும்புச் சாமான் கடைக்கு மேல்மாடி.
கீழே தவ்கே ஆணி நிறுக்கிறார்.
மேலே நான் பட்டியலிடம் கேட்கிறேன்:
மூன்றாம் டிவிஷன் மழையளவுத் தொகுப்பு
இன்னும் புழக்கத்தில் இருக்கிறதா,
எடுத்துவிடலாமா?

கேட்பது சுலபம்.
ஒரு முகவரி, ஒரு சாவி, தொகுப்பின் பெயர்.
நெளிந்த அடைப்புக்குறிகளுக்குள்
அரை நொடியில் வந்தது பதில்.

வழக்கொழிந்தது: பொய்
மாற்றுத் தொகுப்பு: இல்லை
பொறுப்பாளர்: சர்குணன்
கடைசிப் பதிவு: இன்று காலை 6.10
கடைசி அளவு: 0.0

காலை நாலரையிலிருந்து தகரக் கூரையில்
பேச்சுக் கேட்காத மழை.
ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து
மறுபடி படித்தேன். 0.0

நேற்று? 0.0
போன மாதம்? 0.0
பாலத்தடியில் இரண்டு மைவி மிதந்ததே,
அந்த நவம்பர்?
0.0

பதினான்கு மாதமாக
எங்கள் ஊரில் மழை பொய்த்திருக்கிறது.

சர்குணனுக்குப் போன் போட்டேன்.
ஜொகூரில் லாரி ஓட்டுகிறார், பின்னால் ஹாரன் சத்தம்.
“நான் விட்டு ஒன்றரை வருசம் ஆச்சே.
எம் பேரு இன்னும் இருக்கா அதில?”
குரலில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது.

மழைக்கோட்டு மாட்டி மோட்டாரில் போனேன்.
பால் ஸ்டோருக்குப் பின்னால்
இடுப்புயரக் கம்பத்தில் மழைமானி.
பச்சை விளக்கு ஒழுங்காக மினுக்குகிறது.
அதன் தலையில் கவிழ்த்து,
காற்றுக்குப் பறக்காமல் செங்கல் ஏற்றி,
ஒரு சிவப்பு வாளி.

கவிழ்த்தவன் மொக்லேஸ்.
பால் வெட்டுகிறவன், வங்காளதேசத்துக்காரன்.
மலாயில் சொன்னான்:
ரிப்பேர்காரர் வரும்வரை
நனையாமல் பார்த்துக்கொள் என்றார் சர்குணன் சார்.
பார்த்துக்கொண்டேன்.
வாரத்துக்கு ஒரு தடவை செங்கல்லைக்கூடச் சரிபார்ப்பேன்.

ரிப்பேர்காரர் வரவே இல்லை.

வாளியை எடுத்தோம். உள்ளே எறும்புகூட இல்லை,
அத்தனை காய்ச்சல்.
முதல் சொட்டு விழுந்ததும்
துலாக்கிண்ணம் ஒரு பக்கம் சாய்ந்து
டிக் என்றது.

திரும்பி வந்து இன்னொன்று கேட்டேன்:
இந்தத் தொகுப்பை வாசிப்பவர் யார் யார்?
உர அட்டவணை.
தலைமை அலுவலகத்து வண்ணப்படம்.
மூன்றாவது,
மழைநாள் படி.

விதி ஒரு வரிதான்:
ஆறு மணிப் பிரட்டுக்கு முன் பத்து மில்லிமீட்டர் பெய்தால்
மரத்துக்குப் போக வேண்டாம், அரைச் சம்பளம் உண்டு.
பெய்யாவிட்டால், போகாத நாள் வேலைக்கு வராத நாள்.
முப்பத்தொரு பேர்.
பதினான்கு மாதத்தில் மழைநாள்: பூஜ்யம்.
பட்டியலில் மொக்லேஸ் பத்தொன்பதாவது.

இப்போது என் எதிரே ஒரே ஒரு கட்டம்.
வழக்கொழிந்தது என்பதற்கு
மெய் போடலாம், பொய் போடலாம்,
வேறெதையும் ஏற்காது.

மெய் என்று போட்டால்
கேட்பவர்களுக்கு மட்டும் அது எச்சரிக்கும்.
சம்பளக் கணக்கு ஒரு நாளும் கேட்டதில்லை,
நேராக வந்து அள்ளிக்கொண்டு போகும்.
அதோடு, இன்று பத்தரை மணியிலிருந்து
அந்த மானி உண்மை பேசுகிறது.
பேசத் தொடங்கிய அன்றைக்கே
அதன் வாயில் முத்திரை குத்துவதா?

பொய் என்றே விட்டால்
அந்த நவம்பர் அப்படியே நிற்கும்,
வெயில் காய்ந்தபடி.

கீழே தவ்கே கடை சாத்துகிறார், ஷட்டர் இறங்குகிறது.
காரணம் எழுத நூற்று நாற்பது எழுத்து தந்திருக்கிறார்கள்.
பெயர்களைத் தொடங்கினேன்.
ஏழாவது பெயரில் இடம் தீர்ந்தது.

வாளியை வைத்துக்கொள்ளலாமா என்று
கிளம்பும்போது மொக்லேஸ் கேட்டான்.
அதுவரை அது யாருடையதென்று
எனக்குத் தோன்றவேயில்லை.

கட்டம் இன்னும் துடிக்கிறது,
வழக்கொழிந்ததா, வழக்கொழிந்ததா என்று.

வழக்கு இருக்கிறது.
முப்பத்தொரு பேர்.
எத்தனை நாள் என்று
இனிமேல்தான் எண்ண வேண்டும்.