பூவுக்குக் கட்டம் இல்லை

படிவத்தில் சுவர் உண்டு, கூரை உண்டு,
கதவு, ஜன்னல், தரை, கழிவறை உண்டு.
பூவுக்குக் கட்டம் இல்லை.

தானே புயல் போன ஐந்தாம் நாள்
அளவு நாடாவும் எழுது அட்டையுமாகக்
கடலூர் முதுநகரில் இறங்கினேன்.
மின்கம்பங்கள் படுத்திருந்தன.
முருங்கை ஒன்று யார் வீட்டுக் கூரையிலோ
வேரோடு உட்கார்ந்திருந்தது,
விருந்துக்கு வந்தது போல.

முதல் வீடு மெஹருன்னிசாவுடையது.
நிலைக்கு மேலே சுதையில் ஒரு பூ.
எட்டு இதழில் இரண்டு உதிர்ந்து ஆறு.
"என்ன பூங்க இது?"
"பூதான்."
கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்:
"எந்தச் செடியிலயும் இல்லாத பூவா வைக்கச் சொன்னாராம்
எங்க மாமனாரோட அத்தா.
படைச்சவனோட எதுக்குப் போட்டின்னு."
உதிர்ந்த இரண்டையும்
ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தார்.
எழுதினேன்: வாசல் மேற்பூச்சு, சிறு சேதம்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு பல் மருத்துவர் வீடு.
கேட்டின் உச்சியில் இரும்பு அல்லிகள்,
ஆளுக்கு மூன்றே இதழ்.
பாண்டிச்சேரியில் பழைய இரும்பாக
எடைக்கு வாங்கியதாம்.
ஒரு ராஜாவின் பூ அது.
ராஜாவின் தலை போய் இருநூறு வருடம் ஆகிறது.
பூ இங்கே
'நாய்கள் ஜாக்கிரதை' பலகையைத் தாங்கிக்கொண்டு
வளைந்து நிற்கிறது.
கிலோ என்ன விலை என்று கேட்க மறந்தேன்.

மத்தியானம் திருப்பாதிரிப்புலியூர்.
நடை சாத்தும் முன் உள்ளே போனேன்,
வெயிலுக்கு ஒதுங்கத்தான்.
ஊரே ஒரு பூவின் பெயரில் இருக்கிறது,
அது எங்காவது கல்லில் இருக்கும் என்று
தூண் தூணாகப் பார்த்தேன்.
தாமரை. மறுபடி தாமரை.
போதிகையில் தலைகீழாய் வாழைப்பூ.
பாதிரி என் கண்ணில் படவில்லை.
வளைந்த குழல் போன்ற பூ,
உளிக்கு இணங்கவில்லையோ என்னவோ.
வெளியே வந்தால்
நகரப் பேருந்தின் நெற்றியில் இருந்தது,
பாதி எழுத்து அழிந்து.

ஆனால் அந்த வாழைப்பூ
நாள் முழுக்கக் கூடவே வந்தது.
உத்தரத்தின் பாரம் தூணில் இறங்கும் இடம் அது.
கல்லூரியில் அந்த இடத்துக்கு
ஒரு சூத்திரம் எழுதி இருபது மார்க் வாங்கினேன்.
அங்கே போய்
எதையும் தாங்காத ஒன்றைத்
தொங்கவிட்டிருக்கிறார்கள்.
கணக்குத் தெரியாதவர்களா?
கணக்குத் தெரிந்ததால் வந்த திமிரா?

தேவனாம்பட்டினம் போகும்போது நாலரை மணி.
அஞ்சாப்புலி வீட்டு மதில்
இருபத்திரண்டு அடி, ஒரே பலகையாக
முகம் குப்புற விழுந்து கிடந்தது.
கடல் பக்கம் மட்டும் நின்றது:
பூ போட்ட ஜாலிக் கல், பக்கத்துக்கு நாலு இதழ்.
காசு தீர்ந்துபோய்,
இடித்த தியேட்டரின் மாடிப்படியிலிருந்து
மண்டோதரி பேரம் பேசி எடுத்து வந்தவை.
குனிந்து பார்த்தேன்.
இதழ் சிமெண்ட் இல்லை. ஓட்டை.
சுற்றிலும் இருப்பது கல்,
இல்லாத இடம்தான் பூ.
புயல் அதன் வழியே போயிருக்கிறது,
ஒவ்வோர் இதழிலும் ஒரு பிடி மணல் வைத்துவிட்டு.
ஒன்றில் நீல வலையின் இழை.

"இதுக்கு எவ்வளவு வரும் மேடம்?"
"இது விழலையே."
"அப்ப?"
"விழுந்ததுக்கு மட்டும்தாங்க."
நின்ற சுவரை அவர் பார்த்த பார்வை இருக்கிறதே,
பிழைக்கத் தெரியாத மைத்துனனைப் பார்ப்பது போல.
"இதுவும் சேந்து விழுந்து தொலைச்சிருக்கலாம்."
உள்ளங்கையால் ஓர் அறை.
மணல் கொட்டியது.

பிறகு கொடிக்கயிற்றின் முனையை
ஒரு பூவுக்குள் விட்டு
அடுத்த பூவில் எடுத்து
இறுக்கிக் கட்டினார்.
ஈரப் புடவை ஒன்றும்
இரண்டு பள்ளிக்கூடச் சட்டைகளும்
அதன் மேல் வந்து விழுந்தன.
சுவர் அசையவில்லை.