பயந்தாங்கொள்ளி, வடக்கு வம்சம்

ஓல்டன் ரயில் நிலையத்துக்குப் பின்னால்
ஒரு குடியிருப்பின் அடியில் போர்க்கால நிலவறை.
ஒரு சாண் தடிப்பில் கொங்கிரீட் கதவு.
குண்டு விழாத ஊரில், சனிக்கிழமைகளில்
அதைச் சாத்திக்கொண்டு
நாங்கள் பூதங்களோடு மோதுகிறோம்.

முதல் இரவு, என் ஆளின் துணிச்சலுக்காக
மூன்று பகடை உருட்டினேன்.
ஒன்று. ஒன்று. மூன்று.
"திரும்ப உருட்டலாம், விதியில் இடமிருக்கு"
என்றான் கதை நடத்துகிற ரேட்டோ,
மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி, இரக்கமாக.
வேண்டாம் என்று ஐந்தை எழுதினேன்,
பென்சிலால் அல்ல, பேனையால்.
பெயர்?
பயந்தாங்கொள்ளி.
வாய்க்குள் உருட்டிப் பார்த்தான்:
"பயன்டாங் கோலி... வடக்கு வம்சமோ?"
ஓம், என்றேன். வடக்குத்தான்.

இருட்டுக்குப் பயம் அவனுக்கு, குதிரைக்குப் பயம்,
சூப்பில் மிதக்கும் காளானுக்கும் பயம்.
வாள் உறையோடு துருப்பிடித்து ஒட்டிவிட்டதாம்,
இழுத்துப் பார்த்ததே இல்லை.
ஊர்சினாவின் வீராங்கனைக்கு வலிமை பதினெட்டு.
லினுஸின் மந்திரவாதிக்குக் குறையென்று ஒன்றுமில்லை,
அதனால் அவனைப் பற்றிச் சொல்லவும் ஒன்றுமில்லை.

பகலில் நான் ரயில்களை அனுப்புகிறவள்.
எட்டுத் திரை, பதினொரு வருடம்,
ஒரு பிழை இல்லை.
அதற்கும் முன்னால், ஒன்பது வயதில்,
வைத்தியர் சொன்ன ஜெர்மன் சொல்லை
அப்பாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது.
நோயின் பெயரென்று எனக்குத் தெரியாது.
பள்ளிப் படப்புத்தகத்தில் அதே சொல்லுக்கு மேல்
சிவப்பாய் ஒரு பிராணி, இரண்டு கொடுக்கு.
"வயிற்றுக்குள்ளே நண்டு இருக்காம்" என்றேன்.
அப்பா சிரித்தார். வைத்தியர் சிரிக்கவில்லை.
இரண்டு முகத்துக்கும் நடுவில்
கதிரை நுனியில் நான்.
துணிச்சலான பிள்ளை என்றார்கள்,
இரண்டு மொழியிலும்.

பத்தொன்பதாவது சனிக்கிழமை, தொங்குபாலம்.
கீழே கறுப்பு ஆறு. பலகை முறிந்து
கயிற்றில் ஆடுகிறாள் ஊர்சினாவின் வீராங்கனை.
கயிற்றின் மறுமுனை என் ஆளின் கையில்.
இருபது முகப் பகடையை உருட்டினேன்.
ஒன்று.
"தாயம்!" என்று கத்திவிட்டேன்.
எங்கள் வீட்டில் ஒன்று விழுந்தால்தான்
காய் இறங்கும், ஆட்டம் தொடங்கும்.
இங்கே ஒன்று விழுந்தால்
யாரோ சாகிறார்கள்.

"கயிறு நழுவுது, இன்னும் எட்டிப் பிடிக்கலாம்.
என்ன செய்கிறான்?" என்றான் ரேட்டோ.
எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
"ஓடுகிறான்."
சொன்ன கணத்தில் உடம்பெல்லாம் ஒரு குளிர்ச்சி,
சப்பாத்தைக் கழற்றிக் காலை
ஆற்றில் வைத்ததுபோல.

கவசத்தோடு மூழ்கினாள் அவள்.
ஊர்சினா ஒன்றும் பேசவில்லை,
சிப்ஸ் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.
"அவன் அப்படித்தானே செய்வான்" என்றேன்.
நொண்டிச் சாக்கு என்பது எனக்கே கேட்டது.
பத்தொன்பது கிழமை வளர்த்தவள் அவள்,
என் பயத்துக்கு ஏன் அவள் விலை கொடுக்க வேண்டும்?
இதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை.

அடுத்த கிழமை, கதவுக்கு வெளியே,
சைக்கிளைப் பூட்டிக்கொண்டே கேட்டாள்:
"அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம்?"
சொன்னேன்.
சிரித்துச் சிரித்துப் புரையேறியது அவளுக்கு.
"அப்ப வடக்கு வம்சம்?"
அதுவும் பொய்யில்லை, என்றேன்.
கொஞ்ச நேரம் சாவியைத் தேடினாள்,
சாவி கையிலேயே இருந்தது.
"பொய் சொல்லுகிறவளுக்கு ஒரு சொல் தா."
"புளுகுணி."
"எங்கள் பள்ளத்தாக்கில்
இப்படி ஒரு ஊர் இருக்கும்போல" என்று
புதுத் தாளில் எழுதினாள்,
ஒரு எழுத்தைப் பிழையாக.

"பயன்டாங் கோலி இப்போ எங்கே?" என்றான் ரேட்டோ.
இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறான்,
காட்டுக்குள், வாய்விட்டு அழுதுகொண்டு.
ஓடட்டும்.
நான் கூப்பிடவில்லை.